நடைக்குழு, சைக்கிள் குழு தொடங்குவது எப்படி? கடைசி ஆளிலிருந்து ஆரம்பிப்போம்

நடைக்குழுவோ சைக்கிள் குழுவோ, எதைத் தொடங்கினாலும் முதல் மாதம் ஒருவர்மேல் கண் வைத்திருங்கள்: எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்க வருகிறவர். அவர் அடுத்த வாரமும் வந்தால் குழு நிலைக்கும். அவர் நின்றுவிட்டால் அவருக்கு முன்னால் போனவர் கடைசி ஆள் ஆவார், கொஞ்ச நாளில் அவரும் நிற்பார். இப்படியே போனால், துணையே இல்லாவிட்டாலும் நடக்கிற நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கடைசி ஆளை மனதில் வைத்துத்தான்.

எவ்வளவு நடந்தால் போதும்?

உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. அதை இப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். ‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி’ என்கிற எண்ணைக் கேட்டு மலைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் (காலடிகளை எண்ணும் கருவி) விளம்பரத்தோடு பரவிய எண், மருத்துவர்கள் எழுதித் தந்த அளவல்ல.

2015-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, நடைக்குழுக்கள் பற்றிய 42 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. குழுவாக நடந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் உடல் கொழுப்பும் குறைந்திருந்தன, மனச்சோர்வும் தணிந்திருந்தது. சொல்லும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆகவே ‘ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிடுமோ’ என்று பயந்து ஒதுங்குகிறவர்களைத் தைரியமாக அழைக்கலாம். ஆனால் நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல் வருகிறவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் பையில் இனிப்பு ஏதாவது வைத்திருக்கட்டும்.

படி 1: ஆள், நாள், இடம்

மூன்று பேர் போதும். நாளையும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். ‘இந்த வாரம் யாருக்கு எப்போது வசதி?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்தால், ஐம்பது செய்திகள் போய்வரும், ஆள் கூட மாட்டார்கள். ஒருவர் வராவிட்டாலும் மற்ற இருவர் கிளம்பிவிட வேண்டும். ஒரே மாதிரி டி-ஷர்ட், குழுவுக்குப் பெயர், லோகோ இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

பாதை ஒரு சுற்றாக இருக்கட்டும். முடியாதவர்கள் பாதியில் விலகித் திரும்புவதற்கு ஒரு குறுக்குவழியும், வழியில் உட்கார ஓரிடமும், கழிப்பறையும் இருக்க வேண்டும். பெரியவர்கள் பலர் கழிப்பறை இல்லாததால்தான் வருவதில்லை. அதை வாய்விட்டும் சொல்ல மாட்டார்கள்.

படி 2: முதல் நடை

மொத்தம் 30 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடங்கள். நடுவில், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி.

முன்னால் ஒருவர் வழிகாட்டியாகவும், பின்னால் ஒருவர் காவலாகவும் போகட்டும். பின்காவலுக்கு ஒரே வேலைதான்: தனக்குப் பின்னால் யாரையும் விடாமல் வருவது.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வேகமாகப் போனவர்கள் திருப்பத்தில் நின்று காத்திருப்பார்கள். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார். அவர் வந்ததுமே ‘சரி, போகலாம்’ என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். காத்திருந்தவர்களுக்கு மூன்று நிமிடம் ஓய்வு. ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஒரு நொடியும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இதுவே நடந்தால் ‘நம்மால் எல்லோருக்கும் தொல்லை’ என்று அவருக்கே தோன்றிவிடும். இதற்கு ஒரே விதி போதும்: கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, ‘போகலாம்’ என்று அவர் வாயால் சொன்ன பிறகே குழு கிளம்ப வேண்டும்.

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். இருட்டு நேரத்தில் வெளிர் நிற உடையும் ஒரு சின்ன விளக்கும் கட்டாயம். செருப்பு வேண்டாம், குதிகால் ஆடாத ஷூ போதும். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

படி 3: சைக்கிள் குழு

நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் ஒரே குழுவாகக் கிளப்ப வேண்டாம். இரண்டு வேகமும் ஒத்துவராது.

கிளம்பும் முன் ஒவ்வொரு வண்டியையும் ஒரு நிமிடம் பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா (எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும்), இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, செயின் துருவேறி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியை ஒரு சாண் தூக்கிக் கீழே போடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் எங்கோ ஒரு நட்டு லூஸ்.

அடுத்து சீட். புதியவர்கள் பயத்தில் சீட்டை மிகவும் இறக்கி வைத்திருப்பார்கள். முழங்கால் வலிக்கு முக்கால்வாசி காரணம் இதுதான் என்பது என் எண்ணம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம்.

முதல் சவாரி மேடு இல்லாத பாதையில் 8 அல்லது 10 கிலோமீட்டர். அதற்கு மேல் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். புதியவரைக் கடைசியில் விடாதீர்கள், வழிகாட்டிக்கு நேர் பின்னால் விடுங்கள். முன்னால் போகிறவர் கொஞ்சம் வேகம் கூட்டினாலும் வரிசையின் வால்பகுதி அதைவிட அதிகமாக விரட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையைப் பழகியவர்கள் தாங்கட்டும்.

இன்னொன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முன்சக்கரத்தை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அவர் சற்று விலகி, இரண்டும் உரசினால் பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான் விழுவார். குறைந்தது ஒரு வண்டி நீளமாவது இடைவெளி இருக்கட்டும். பள்ளம் வந்தால் ‘பள்ளம்!’, நிற்கும்போது ‘நிறுத்தறேன்!’ என்று முன்னால் இருப்பவர் குரல் கொடுக்க, ஒவ்வொருவரும் அதைப் பின்னால் கடத்த வேண்டும். சொல்லாமல் சடாரென்று பிரேக் பிடிப்பதுதான் குழுச் சவாரியில் பெரிய ஆபத்து.

பஞ்சருக்கு ஒரு பம்பு குழுவுக்கே போதும் என்று நினைக்கத் தோன்றும். எல்லா வால்வுக்கும் பொருந்துகிற பம்புதானா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். டியூபை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், சக்கர அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும், பின்னந்தலையில் தொங்கக் கூடாது.

படி 4: இரண்டாவது மாதம்

இப்போதுதான் வேகமானவர்களுக்குச் சலிப்பு தட்டும். ‘கொஞ்சம் வேகமாகப் போகலாமே’ என்று ஒரு குரல் எழும். நியாயமான ஆசைதான், ஆனால் அதற்காகக் குழுவின் வேகத்தைக் கூட்டாதீர்கள். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிளம்பட்டும். வேகமானவர்கள் அந்த நேரத்துக்குள் ஒரு சுற்று கூடுதலாகப் போய்வரட்டும், முடிப்பதும் எல்லோரும் ஒரே இடத்தில். பின்காவல் வேலையை மட்டும் முறைவைத்து அவர்களுக்கும் கொடுங்கள். கடைசி ஆளோடு ஒருநாள் முழுக்க நடந்தவர் அடுத்த வாரம் முன்னால் போகும்போது தானாகவே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.