ஆல்பத்துக்குள் ஒரு விடியல்: கலர் சாக் பொடியில் முதல் பக்கம்

ஒரு போட்டோவை வெறும் வெள்ளைத் தாளில் ஒட்டினால், ஒட்டிய போட்டோவாகத்தான் இருக்கும். தாளின் ஓரங்களில் கொஞ்சம் ஆரஞ்சுப் பொடியைத் தேய்த்துவிட்டு அதே போட்டோவை ஒட்டிப் பாருங்கள். போட்டோவில் இருக்கும் வெளிச்சம் தாளிலும் பரவிவிடும். ஸ்க்ராப்புக், அதாவது பக்கம் பக்கமாக நாமே அலங்கரித்து போட்டோ ஒட்டும் ஆல்பம், செய்கிறவர்கள் கலர் சாக்கை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். பெயிண்ட் மாதிரி தாளை நனைத்துச் சுருட்டாது. ஸ்கெட்ச் பேனா மாதிரி கோடு கோடாகத் தெரியாது. லேசாகத் தேய்த்திருந்தால் ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

இன்றைக்கு ஒரே ஒரு பக்கத்தை முழுதாகச் செய்வோம்: கன்னியாகுமரி சூரிய உதயம். என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. விடியற்காலையில் எல்லோரும் கடற்கரைக்குப் போய் எடுத்த போட்டோவுக்காக அவளும் நானும் செய்த பக்கம் இது. அவளால் செய்ய முடிந்தது, அதனால் உங்களாலும் முடியும்.

எந்த சாக் வாங்குவது

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடையில் "கலர் சாக்" என்று கேட்டால் நான்கு விதமான சாமான்களை எடுத்துப் போடுவார்கள்.

ஸ்க்ராப்புக் வேலைக்கென்றே வரும் சாக், கண்ணுக்குப் போடும் ஐ ஷேடோ டப்பா மாதிரி இருக்கும். சின்னச் சின்னக் குழிகளில் பொடியை அழுத்தி வைத்திருப்பார்கள். வசதியான சாமான்தான், ஆனால் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். அதற்குச் சரியான மாற்று சாஃப்ட் பாஸ்டல் குச்சிகள். நிறமி, சுண்ணாம்புப் பொடி போன்ற ஒரு வெள்ளைப் பொடி, பிடித்து நிற்க மிகக் கொஞ்சம் பிசின், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. பிசின் குறைவு என்பதால் சுலபமாகப் பொடியாகும். நமக்கு வேண்டியதும் அதுதான். நாகர்கோவிலில் ஓவியச் சாமான் வைத்திருக்கும் ஸ்டேஷனரி கடைகளில் கேட்டுப் பாருங்கள். 12 நிறப் பெட்டி ஒன்று போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஆயில் பாஸ்டல் இந்த வேலைக்கு ஆகாது. அதில் மெழுகும் எண்ணெயும் உண்டு. பொடியாகாது, தாளில் எண்ணெய்க் கறையும் விடும். பெட்டியைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் குச்சியை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக ஒட்டினால் ஆயில், மாவு மாதிரி உதிர்ந்தால் சாஃப்ட். நான் முதலில் வாங்கிய பெட்டி ஆயில் பாஸ்டல்தான். சாஃப்ட் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மூன்று தாள் வீணான பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கரும்பலகைக்கு எழுதும் கலர் சாக்பீஸில் நிறமி குறைவு. எவ்வளவு தேய்த்தாலும் வெளிறியே இருக்கும், கை பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓணத்துக்கும் மார்கழிக்கும் வாங்கி மிச்சமாகிப்போன கோலக் கலர் பொடி பல வீடுகளில் இருக்கும். அதை எடுக்காதீர்கள். அது சொரசொரப்பான பொடி, தாளில் பிடிக்காமல் உதிர்ந்து போட்டோவைக் கீறிவிடும். மஞ்சள்தூளும் வேண்டாம், வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிடும். கன்னியாகுமரி கடற்கரையில் பாக்கெட்டில் விற்கும் கலர் மணலைப் பசை தடவி ஒரு மூலையில் ஒட்டினால் அழகுதான். அதைத் தேய்த்து மட்டும் விடாதீர்கள்.

பெட்டியின் மேல் "ஆசிட் ஃப்ரீ" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமிலம் இருக்கும் பொருள்கள் வருடங்கள் போகப் போகத் தாளையும் போட்டோவையும் பழுப்பாக்கும். பழைய செய்தித்தாள் மஞ்சளாகிப் போகிறதே, அது மாதிரி. பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் "நான் டாக்சிக்" (நச்சில்லாதது) என்ற வார்த்தையும் இருக்க வேண்டும். ஓவியர்களுக்கான விலை உயர்ந்த பாஸ்டல் சிலவற்றில் காட்மியம் போன்ற உலோக நிறமிகள் உண்டு, அவை பிள்ளைகளுக்கு வேண்டாம். எந்த சாக்காக இருந்தாலும் பொடியை வாயால் ஊதாதீர்கள். தாளைத் தூக்கி, பின்பக்கம் விரலால் தட்டி உதிர்த்தால் போதும்.

தாளும் கையும்

பளபளப்பான தாளில் சாக் நிற்காது. கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், அந்தக் குழிகளில்தான் பொடி தங்குகிறது. கெட்டியான டிராயிங் ஷீட் நல்லது, கைத்தயாரிப்புத் தாள் இன்னும் நல்லது. ஐவரி ஷீட் வழவழவென்று இருப்பதால் நான் எடுப்பதில்லை. தாளின் கனத்தைச் சொல்லும் அளவு ஜிஎஸ்எம். 200 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேல் இருந்தால் தாள் வளையாது. கறுப்புத் தாளிலும் ஒருமுறை முயன்று பாருங்கள். சாஃப்ட் பாஸ்டல் அடியிலிருக்கும் நிறத்தை மறைக்கக்கூடியது என்பதால் மஞ்சளும் ரோஸும் கறுப்பின் மேல் மினுங்கும்.

மற்றபடி, காது குடையும் பட்ஸ் ஒரு பாக்கெட், பஞ்சு, பழைய ஐ ஷேடோ பிரஷ், மென்மையான ரப்பர், பொடி சுரண்ட பிளேடு. நிறத்துக்கு ஒரு பட்ஸ் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். நம் வீடுகளில் தலைக்கு, சமையலுக்கு, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். எண்ணெய் விரல் தாளில் பட்ட இடத்தை முதலில் கண்டுபிடிக்க முடியாது. மேலே பொடி தேய்த்தவுடன் ரேகையோடு கருத்துத் தெரியும். அப்புறம் எந்த ரப்பராலும் அது போகாது.

வானம்

ஏ4 தாளை நிமிர்த்தி வையுங்கள். மேல் பாதி படத்துக்கு, கீழ்ப் பாதி போட்டோவுக்கு. தேதி, இடம் எழுத வேண்டுமானால் இப்போதே எழுதிவிடுங்கள். பொடியின் மேல் எழுதினால் பேனா முனை அடைத்துக்கொள்ளும். முதலில் எழுதி மை காய்ந்த பிறகு பொடி தேய்த்தால் எழுத்து அழகாகத் தெரியும்.

கழிவுத் தாளில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போட்டு வெட்டுங்கள். அதுதான் சூரியன். தாளின் மேல் விளிம்பிலிருந்து 9 சென்டிமீட்டர் கீழே கடல் தொடங்கட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே நேராக வெட்டிய ஒரு தாளை வைத்து மூடிவிடுங்கள். கோட்டுக்குச் சற்று மேலே, இடது பக்கமாக, வட்டத்தை வைத்து ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

இப்போது மஞ்சள் குச்சியைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். ஒரு சிட்டிகை போதும். பட்ஸில் தொட்டு, கழிவுத் தாளில் இரண்டு முறை தட்டுங்கள். அப்புறம், இதுதான் முழு வேலையிலும் முக்கியமான இடம், பட்ஸை நேராகத் தாளில் வைக்காதீர்கள். வட்டத்தின் மேல் வைத்து, அங்கிருந்து வெளியே வாருங்கள். பட்ஸ் முதலில் தொடும் இடத்தில்தான் திட்டு விழும், அந்தத் திட்டு வட்டத்தாளோடு போய்விடட்டும். சின்னச் சின்னச் சுழியாக, பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்க வேண்டும். நிறம் பற்றாது என்று தோன்றினால் மறுபடி தொட்டுக்கொள்ளலாம். கூடிப்போனால் குறைப்பதுதான் கஷ்டம்.

மஞ்சளுக்கு வெளியே ஆரஞ்சு, அதற்கு மேலே ரோஸ், உச்சியில் ஊதா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மஞ்சளும் ஊதாவும் நேராகச் சேர்ந்தால் சேற்று நிறமாகும், ஆரஞ்சும் நீலமும் சேர்ந்தாலும் அப்படித்தான். இடையில் ரோஸ் நின்றால் இரண்டு பக்கமும் சண்டையில்லாமல் கலக்கும். வெளிர் நிறம் முதலில், அடர்த்தியானது பிறகு. ஒரு நிறம் முடியும் இடத்தில் அடுத்த நிறம் அரை விரல் அகலம் மேலேறி வர வேண்டும்.

வட்டத்தை எடுங்கள். பொடி படாத வெள்ளைச் சூரியன் அங்கே இருக்கும். அண்ணன் மகள் இந்த இடத்தில், "அத்தை, சூரியனை நாம வரையவே இல்லையே!" என்றாள். அதற்கு எந்த நிறமும் பூச வேண்டாம், பக்கத்திலேயே பிரகாசமானது அந்த வெறும் தாள்தான்.

கடல்

நேர்த்தாளை எடுத்து இப்போது வானத்தை மூடுகிற மாதிரி வையுங்கள். இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்தால் வானம் கலைந்துவிடும். அதன் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நீலத்தைத் தேய்த்தால் தொடுவானம் கோடு போட்ட மாதிரி நேராக விழும்.

அலைக்கு இன்னொரு கழிவுத் தாளைக் கையால் நீளவாக்கில், கொஞ்சம் வளைத்து வளைத்துக் கிழியுங்கள். கிழித்த ஓரம் தொடுவானத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரும்படி வைத்து, ஓரத்திலிருந்து கீழ்நோக்கி நீலம் தேயுங்கள். தாளைத் தூக்கினால் ஓரத்தில் அடர்த்தியாகவும் கீழே போகப் போக வெளிறியும் ஓர் அலை கிடைக்கும். இன்னும் ஒரு சென்டிமீட்டர் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி வைத்து மறுபடியும் தேயுங்கள். நான்கைந்து அலை போதும். சூரியனுக்கு நேர் கீழே ஒரு விரல் அகலத்துக்கு நீலம் படாமல் விட்டு, அங்கே ஆரஞ்சை மட்டும் தொட்டுவிடுங்கள். தண்ணீரில் வெளிச்சம் விழுந்துவிடும்.

பாறையும் வள்ளுவரும்

கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டுவோம். திருவள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அதன் மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்காக. நம் தாளில் மொத்தம் 7 சென்டிமீட்டர் வைத்தால் பீடம் 2, சிலை 5 என்று கச்சிதமாக வந்துவிடும். முகம், கை எல்லாம் வெட்ட வேண்டாம், வெளிக்கோடு சரியாக இருந்தாலே யாருக்கும் தெரியும். சூரியனுக்கு வலது பக்கமாக, கீழே கிழித்த கறுப்புத் தாளில் பாறை.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். வள்ளுவருக்குப் பின்னால் சூரியன் மறைவதாக நிறையப் பேர் வாழ்த்து அட்டை செய்கிறார்கள். கன்னியாகுமரி கரையில் நின்று பார்த்தால் சிலை தென்கிழக்கே கடலுக்குள் இருக்கிறது. சூரியன் எழுவது அந்தப் பக்கம், விழுவது மேற்கே. அதனால் சிலை வேண்டுமென்றால் உதயம் செய்யுங்கள். அஸ்தமனம்தான் வேண்டுமென்றால் சிலையை விட்டுவிடுங்கள்.

பொடி இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது. ஒட்டப்போகும் இடத்தை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள்.

நிலைக்க வைப்பது

கையால் தடவினால் வானம் விரலில் வந்துவிடும். அதைத் தடுக்க பாஸ்டல் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே உண்டு. ஓரடி தூரத்திலிருந்து மெல்லிய படலமாக இரண்டு முறை அடியுங்கள், முதல் படலம் காய்ந்த பிறகு இரண்டாவது. நிறம் கொஞ்சம் இருண்டு தெரியும் என்பதால் ஒரு கழிவுத் துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும், ஆனால் வீசுகிற காற்று கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருக்கிறவர்கள் மொட்டை மாடிக்குப் போகவே வேண்டாம், காற்றாலை சுற்றுகிற காற்றில் ஸ்பிரே தாளுக்கு வந்து சேராது. போட்டோவை ஒட்டும் முன்பே ஸ்பிரே வேலையை முடித்துவிடுங்கள்.

பலரும் சொல்லும் ஹேர் ஸ்பிரேயை நான் ஒரு மழைக்காலத்தில் அடித்துப் பார்த்தேன். பக்கம் பிசுபிசுப்பாகி, எதிர்ப்பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது வானத்தில் பாதி அங்கே போயிருந்தது. அப்பா எடுத்த பழைய போட்டோ ஒட்டிய பக்கம் அது. அதனால் சொல்கிறேன், நல்ல ஸ்பிரே இல்லையென்றால் ஸ்பிரேயே வேண்டாம், மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடினால் போதும். பிளாஸ்டிக் உறையை நேராகப் பொடியின் மேல் படவிடாதீர்கள், அது பொடியை இழுத்துக்கொள்ளும்.

போட்டோவுக்கு ஒரு சட்டம் செய்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். நிறத்தாள் ஒன்றை போட்டோவைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரியதாகக் கையால் கிழியுங்கள். சில தாள்களில் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். கிழித்த இரண்டு துண்டில் எதில் வெள்ளை அகலமாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் மட்டும் ஊதாப் பொடியைத் தொட்டு ஓட்டுங்கள். நாரெழுந்த தாள் நிறத்தை உடனே பிடித்துக்கொள்ளும்.

மழைக்கு

குமரி மாவட்டத்தில் நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரம் ஏறிய தாளில் பொடி திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சாரல் நாளில் தாளை ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். சாக் குச்சிகளையும் தாளையும் மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் வைத்து, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போடுங்கள்.

அலைக்குக் கிழித்த தாளையும் அதே டின்னில் வையுங்கள். அதையே இன்னும் பெரிய வளைவாகக் கிழித்து, நீலத்துக்குப் பதிலாக சாம்பல் கலந்த பச்சையைக் கீழ்நோக்கித் தேய்த்தால் மலை. தூரத்து மலை வெளிறி, பக்கத்து மலை அடர்ந்து. எங்கள் அடுத்த பக்கம் மருத்துவாழ் மலை. அதற்கான தாளை அவள் இப்போதே கிழித்து வைத்திருக்கிறாள்.