நாற்காலியை வரைய அதன் இடைவெளிகளை வரையுங்கள்

நாற்காலியை வரையத் தொடங்குபவர், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுத் தமக்குத் தெரிந்ததையே வரைகிறார். நான்கு கால்களும் ஒரே உயரம், இருக்கை சதுரம் என்று மனம் முன்பே முடிவு செய்திருப்பதால், பின்கால் குட்டையாகவும் இருக்கை ஒடுங்கியும் தெரிவதைக் கை ஏற்பதில்லை. கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பற்றியோ மனத்துக்கு எந்த முன்முடிவும் கிடையாது. ஆகையால் அதன் வடிவத்தை உள்ளபடியே பார்க்க முடிகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் 7 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமுமாக ஒரு சன்னலை வெட்டிக்கொள்ளுங்கள். அதில் தெரிவதை இரு மடங்காக வரைய, தாளில் 14 செ.மீ., 20 செ.மீ. அளவில் ஒரு கட்டம் போடுங்கள். குறுக்குச் சட்டங்கள் உள்ள மர நாற்காலியே நல்லது, ஏனெனில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடைவெளிகள் குறைவு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலி சன்னலின் மூன்று விளிம்புகளையாவது தொடும்படி அட்டையைப் பிடிக்க வேண்டும். தொடாவிட்டால் சுற்றியுள்ள வெளி முழுவதும் ஒரே துண்டாகிவிடும்; அதை அளக்கப் பிடிமானம் இராது.

முதலில் முன்கால்களுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே அகப்பட்ட வெற்றிடத்தை மட்டும் பாருங்கள். அது செவ்வகம் என்று தோன்றும். பென்சிலை நிமிர்த்திப் பிடித்து ஒப்பிட்டால் இடப்பக்க விளிம்பு சற்றே சாய்ந்திருப்பதும், மேல்விளிம்பு ஒருபுறமாக ஏறுவதும் புலப்படும். அதன் அகலத்தை ஓர் அலகாகக் கொண்டு, அடுத்த இடைவெளி அதில் பாதியா, ஒன்றரை மடங்கா என்று அளந்து வரையுங்கள். பின்காலுக்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையில் தெரியும் சிறு முக்கோணத்தை அவசரத்தில் விட்டுவிட வேண்டாம். பின்கால் எங்கே நிற்கிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். கடைசி இடைவெளி பொருந்தாமல் போனால், காலை இழுத்து நீட்டிச் சரிக்கட்டாமல், பக்கத்து இடைவெளியை மறுபடி அளந்து பார்ப்பதே முறை.

பிறகு எல்லா இடைவெளிகளையும் 4பி என்னும் மென்மையான, கருமையான பென்சிலால் நிரப்புங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பாதியில் ஆசைப்பட்டு மரத்தின் ரேகைகளை வரையப் போனால் பயிற்சி கெட்டுவிடும். ஒரு கோடும் இழுக்கப்படாத நாற்காலி வெள்ளைத் தாளாகவே எழுந்து நிற்கும்.

வெற்றிடத்தைத் தாளாகவே விட்டு வைப்பதும் இதன் மறுபக்கம்தான். 16ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாகு, பைன் மரங்களை வரைந்த தம் மடிப்புத் திரைகளில் மூடுபனியைப் பெரும்பாலும் மை படாத தாளாலேயே உணர்த்தினார். நாற்காலி கைவந்தபின், இடுப்பில் கை வைத்து நிற்பவரை முழங்கைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.