249 கிராமும் 720 கிராமும்: ஊருக்கு ட்ரோன் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு

தை மாதம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் குடமுழுக்கு என்று 2023 ஐப்பசியில் அம்மா தொலைபேசியில் சொன்னார். மறுநாளே அக்கா மகன் அழைத்தான். மன்னார்குடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று படமெடுத்துப் பிழைக்கிறவன் அவன். "மாமா, வரும்போது டிஜேஐ கம்பெனியோட ஏர் 3 ட்ரோன் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. பணத்தை இங்க கையில குடுத்துடுறேன்" என்றான். பதினெட்டு ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கும் என்னிடம் அவன் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. கடைக்குப் போனபோது அதே நிறுவனத்தின் மினி 4 ப்ரோவும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டில் எதை வாங்குவது என்று இரண்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டில் நான் செய்த ஒரு தவற்றினால், அம்மாவோடு இருக்க வேண்டிய மூன்று வாரத்தில் நான்கு நாட்கள் வீணாயின. அந்தத் தவறு வேறு எவருக்கும் நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் 2023இல் வெளிவந்தவை. ஏர் 3 ஜூலையிலும் மினி 4 ப்ரோ செப்டம்பரிலும் வந்தன. வெளியானபோது அமெரிக்க விலை மினிக்கு 759 டாலர், ஏருக்கு 1,099 டாலர். இந்த 340 டாலருக்கு முதன்மைக் கேமராவில் பெரிய முன்னேற்றம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அப்படி எதுவும் இல்லை. இரண்டிலும் ஒளியைப் படமாக்கும் சென்சார் 1/1.3 அங்குலம், எஃப் 1.7 லென்ஸ், 48 மெகாபிக்சல் படம், நொடிக்கு 100 பிரேம் வரை எடுக்கும் 4கே வீடியோ. சுற்றிலும் உள்ள தடைகளை உணரும் வசதியும் இரண்டிலும் உண்டு. அந்த வசதியை நம்பி மின்கம்பிகளின் அருகே மட்டும் யாரும் பறக்கவிட வேண்டாம். தெருவுக்குத் தெரு தாழ்வாகத் தொங்கும் மெல்லிய கம்பிகளை இந்த உணர்விகள் கண்டுகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஏர் 3இல் கூடுதலாக இருப்பது 70 மி.மீ. லென்ஸ் கொண்ட இரண்டாவது கேமரா. அக்கா மகன் அதற்காகத்தான் அதைக் கேட்டான். கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரத்தில், கோபுரத்தின் மேல் நிற்கும் குருக்களின் தலைக்கு அருகே விசிறிகளைச் சுழலவிடாமல் தள்ளி நின்று நெருக்கமாக எடுக்க அந்த லென்ஸ் வேண்டும் என்றான். தொழில் தெரிந்தவனின் கணக்கு அது. பேட்டரியும் ஏருக்கு 46 நிமிடம் நிற்கும், மினிக்கு 34 நிமிடம்தான். இவை காற்றில்லாத இடத்தில் அளந்த கணக்குகள் என்பதால் வயல்வெளிக் காற்றில் இரண்டிலுமே நன்றாகக் குறையும். காற்றைத் தாங்கும் வேகம் மினிக்கு நொடிக்கு 10.7 மீட்டர், ஏருக்கு 12 மீட்டர். தையில் இந்த வேறுபாடு உறைக்காது, ஆடியில் உறைக்கும்.

மினியிடம் ஏருக்கு இல்லாத ஒன்று உண்டு. அதன் கேமரா தொண்ணூறு பாகை சாய்ந்து நெடுக்குவாட்டில் நிற்கும். ராஜகோபுரத்தை அடித்தளத்திலிருந்து கலசம்வரை வெட்டாமல் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. ஏர் 3உம் நெடுக்குப் படம் தரும், ஆனால் கிடைமட்டப் படத்தின் நடுப்பகுதியை வெட்டி 2.7கே அளவில்தான் தரும்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் நான் முடிவெடுத்தது வேறொரு எண்ணை வைத்துத்தான். மினியின் எடை 249 கிராம், ஏரின் எடை 720 கிராம். கனடாவில் 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் சான்றிதழும் வேண்டாம். இந்தியாவின் 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் படித்தேன். அங்கும் 250 கிராம் வரை உள்ளவை 'நானோ' என்ற தனி வகையில் வருகின்றன, அவற்றை இயக்கச் சான்றிதழ் தேவையில்லை. இரு நாட்டுச் சட்டமும் ஒரே எல்லையில் கோடு போட்டிருப்பதைக் கண்டதும், மினி என்றால் பெட்டியில் வைத்து நிம்மதியாக எடுத்துப் போகலாம் என்று முடிவுகட்டினேன். கிளம்பும்போது அதை அக்கா மகனிடமே விட்டுவிட்டு வரலாம் என்றும் எண்ணியிருந்தேன்.

ஒரு ட்ரோனை வானில் பறக்கவிடுவதற்கான விதி வேறு, அதை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான விதி வேறு. நான் படித்தது முதலாவதை மட்டுமே. வெளிநாட்டில் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரி 9 ஆம் தேதி இந்திய அரசு தடை விதித்தது. முழுமையாக வந்தாலும் பிரித்த பாகங்களின் தொகுப்பாக வந்தாலும் தடைதான். பாதுகாப்புத் துறை, ஆராய்ச்சி போன்ற தேவைகளுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கொண்டுவரலாம். அந்த ஆணையில் 250 கிராம் என்ற பேச்சே இல்லை. 249 கிராமும் 720 கிராமும் அதன் முன் ஒன்றுதான்.

நான் வந்திறங்கிய விமான நிலையத்தில், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்தேன். ஊடுகதிர்க் கருவியில் பெட்டி போனதும் கூப்பிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். இரவு பத்தரை மணி. நானோ வகை பற்றிய விதியை அச்செடுத்து வைத்திருந்தேன். அதிகாரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பெட்டியைத் திறந்து, மடித்திருந்த நான்கு கைகளையும் ஒவ்வொன்றாக விரித்தார். ட்ரோனை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பி, பேட்டரிக் குழியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த வரிசை எண்ணை இன்னொருவருக்குப் படித்துக் காட்டினார். அதன் எடை என்ன என்று அங்கிருந்த எவரும் என்னைக் கேட்கவில்லை.

பிறகு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பொருளை அறிவிக்காமல் பச்சை வழியில் வந்ததால் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். சட்டப்படி அது சரிதான். 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 80 ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருளைப் பயணி உண்மையாக அறிவித்திருந்தால், அதைத் தடுத்து வைத்து அவர் நாட்டைவிட்டுப் புறப்படும்போது திருப்பித் தர அது இடம் கொடுக்கிறது. உண்மையாக அறிவித்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இதைத் தெரிந்துகொண்டு சிவப்பு வழியில் நானாகப் போய்ச் சொல்லியிருந்தால், அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கும் நிலையில் இருந்திருப்பேன். சொல்லாமல் வந்ததால் கெஞ்சும் நிலையில் இருந்தேன். திரும்பக் கொண்டுபோவதாக எழுதிக் கையெழுத்திடச் சொன்னபோது என் கை தயங்கியது, ஏனென்றால் கொண்டுபோகும் எண்ணமே எனக்கு அதுவரை இருந்ததில்லை. கையெழுத்திட்டேன். விடியற்காலை இரண்டரைக்கு ஒரு ரசீதைத் தந்தார்கள்.

அந்த ரசீதை நான் அங்கேயே நின்று படித்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்க விழித்திருக்கும் அம்மாவையும், தவறிப்போன ரயிலையும் நினைத்துக்கொண்டு சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டேன். ஊருக்கு வந்து விரித்துப் பார்த்தபோது வரிசை எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மூன்று பேட்டரிகளில் இரண்டுதான் எழுதப்பட்டிருந்தன. எவர் பொருளைத் தடுத்து வைத்தாலும், வரிசை எண், பேட்டரிகளின் எண்ணிக்கை, ரிமோட், பெட்டி ஆகிய அனைத்தும் ரசீதில் உள்ளனவா என்று அந்த மேசையைவிட்டு நகரும் முன் சரிபார்த்துக் கொள்ளுங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, எழுதிய அதிகாரியின் கையாலேயே திருத்தி வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் என் பயணச்சீட்டில் இருந்தது. எங்கள் ஊருக்குத் திருச்சிதான் பக்கம் என்பதால், திரும்பும் பயணத்தைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போட்டிருந்தேன். தடுத்து வைத்த பொருளோ நான் வந்திறங்கிய நிலையத்தின் கிடங்கில் இருந்தது. நாமே வாங்க முடியாவிட்டால், நாட்டைவிட்டுப் புறப்படும் வேறொரு பயணிக்கு அதிகாரம் கொடுத்து எடுக்கச் சொல்லலாம் என்றும், நம் பெயருக்குச் சரக்காக அனுப்பக் கேட்கலாம் என்றும் அதே 80 ஆம் பிரிவு சொல்கிறது. எனக்காக அப்படிப் புறப்படுகிறவர் எவரும் இல்லை. சரக்காக அனுப்ப யாரை அணுகுவது என்று தெளிவாகச் சொல்ல அங்கே ஆள் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா மகன் வந்து, "தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு மாமா, நேர்ல போய்ப் பேசுனா இப்பவே எடுத்துடலாம்" என்றான். அவன் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து நான் இணங்கிவிட்டேன். போக ஓர் இரவு, வர ஓர் இரவு, நடுவே ஒரு பகல் முழுதும் வாசலில் காத்திருப்பு. அந்தத் தெரிந்தவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. உறவினர் சொல்லும் தெரிந்தவரை நம்பி விடுமுறையில் ஒரு நாளைக்கூடச் செலவழிக்காதீர்கள். சட்டப்படி திரும்பி வரவேண்டிய பொருளுக்காக யாருக்கும் பணம் கொடுத்துக் குற்றவாளியாகவும் ஆகாதீர்கள்.

கடைசியில் திருச்சிப் பயணச்சீட்டை மாற்றினேன், இரண்டு நாள் முன்னதாகவே ஊரைவிட்டுக் கிளம்பினேன். அம்மா அன்று காலையில் அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தார். மாவு புளிக்க இன்னும் இரண்டு நாளாகும் என்று சொன்னவர், வேறு எதுவும் பேசவில்லை. விமான நிலையத்தில் கிடங்கு வாடகையைக் கட்டி, மாறிப்போன அந்த எழுத்துக்காக மறுபடியும் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஐந்து மணி நேரம் முன்னதாகப் போயிருந்தும், விமானம் ஏற நாற்பது நிமிடம் இருக்கும்போதுதான் பெட்டி கைக்கு வந்தது. மூன்றாவது பேட்டரி வரவில்லை.

குடமுழுக்கைப் படமெடுத்தவர் திருவாரூரிலிருந்து வந்த ஓர் இளைஞர். அரை நாள் வாடகைக்கு வந்தார். பதிவு செய்த ட்ரோனும் அதை இயக்கும் சான்றிதழும் அவரிடம் இருந்தன. கோயில் அலுவலகத்தில் நகலைக் கேட்டதும் எடுத்து நீட்டினார். தாயகத்தில் வானிலிருந்து படம் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். சான்றிதழைக் கேட்டுப் பார்த்து, உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பறக்கலாம் என்பதும் அவர்களுக்குத்தான் பழக்கம். விமான நிலையங்களையும் படைத்தளங்களையும் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வான்வெளி பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. தஞ்சாவூரில் சுகோய் விமானங்கள் நிற்கும் விமானப்படைத் தளம் இருக்கிறது. பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை என்பதால் அனுமதி இல்லாமல் அங்கே எந்த ட்ரோனையும் எடுக்கக் கூடாது.

விழா முடிந்த பிறகு அந்த இளைஞரிடம் எங்கள் வீட்டையும் ஒருமுறை மேலிருந்து காட்டச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையில் ரிமோட்டின் திரையைப் பிடித்துக் கொடுத்தார். அறுவடை முடிந்த வயல், வாய்க்கால், ஓட்டுக்கூரை எல்லாம் தெரிந்தன. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கொல்லையில மாமரம் இருந்த எடம் இவ்வளவு வெறிச்சுன்னு இருக்கே தம்பி" என்றார். அந்த மரம் 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்தது. மின்சாரம் இல்லாமல் அம்மா இருட்டில் கிடந்த அந்த நாட்களில், விடுப்பு இல்லை என்று சொல்லி நான் வரவில்லை.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. நீங்கள் வாழும் நாட்டில் பறக்கவிடுவதற்காக வாங்குங்கள், ஊரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கனடாவில் குடும்பப் படங்களும் பயணப் படங்களும் எடுக்க மினி 4 ப்ரோ போதும். அதில் 45 நிமிடம் தரும் பெரிய பேட்டரியைப் பொருத்தினால் எடை 250 கிராமைத் தாண்டிவிடும், பதிவு தேவையில்லை என்ற சலுகையும் அதோடு போய்விடும், ஆகவே அதை வாங்க வேண்டாம். ஏரிக்கரையிலும் மலைமேலும் அடிக்கடி எடுப்பவர்களுக்கும், தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ் உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கும் ஏர் 3 நல்லது. 2024 அக்டோபரில் வந்த ஏர் 3எஸ், முதன்மை சென்சாரை ஓர் அங்குலமாக்கியிருக்கிறது. இரவில் எடுப்பவர்களானால் பழையதை விட்டுவிட்டு அதையே பார்க்கலாம்.

அக்கா மகன் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினான். ட்ரோனுக்குச் செலவான அளவு பணத்தை அவனுடைய பயிற்சிக் கட்டணமாக அனுப்பினேன். அவன் சான்றிதழ் வாங்கிவிட்டான், இப்போது திருவாரூர் இளைஞரோடு சேர்ந்து வேலை செய்கிறான். வரும் தைக்கு நான் போகிறேன். வருவதும் திரும்புவதும் திருச்சி வழியாகவே, முழுதாக நான்கு வாரம். மினி இங்கே அலமாரியில் இருக்கும். கொல்லையில் வைக்க ஒரு மாங்கன்று பார்த்து வைக்குமாறு அவனிடம் சொல்லியிருக்கிறேன்.