படபடப்பு வந்தால் முதலில் மூச்சை விடுங்கள்

பதறிப்போய் இருப்பவரிடம் எல்லோரும் சொல்வது, "மூச்சை நன்றாக இழுத்து விடு" என்பதுதான். நாமும் 'இழு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நெஞ்சு விம்ம இழுக்கிறோம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அதைத்தான் செய்தேன். விரல் நுனிகள் மரத்துத் தலை சுற்றியது. வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படி ஆகும். "இழுக்காதீர்கள் அம்மா, உள்ளே இருப்பதை முதலில் விடுங்கள்" என்றார் அங்கிருந்த செவிலியர்.

வெளிமூச்சை நீட்டி விடும் பயிற்சி இது. தொடங்கும் முன் நாடி பார்த்துவிடுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரல்களை வையுங்கள். மெதுவாக இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். மெதுவாக விடும்போது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடும். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளம் போடுகிறது. இளம் வயதினருக்கு இது விரலிலேயே தெளிவாகத் தெரியும்.

இனி, பாதங்கள் தரையில் படும்படி உட்காருங்கள். ஒரு கை நெஞ்சில், மற்றது தொப்புளுக்குச் சற்று மேலே. உள்ளிருக்கும் மூச்சை முழுதாக விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள். வயிற்றின் மேலுள்ள கை எழ வேண்டும். நெஞ்சிலுள்ள கை தூக்கிக்கொண்டு வந்தால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள்.

பிறகு 6 எண்ணும்வரை விடுங்கள். சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து விட்டாலும் சரி. ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. ஓய்வில் நாம் சாதாரணமாக விடுவது 12 முதல் 20. ஐந்து நிமிடம் போதும்.

மூச்சை அடக்க வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். திருமூலர் 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறார். அதிலும் வெளிமூச்சு இரு மடங்காக இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் அடக்குவது பழகியவர் அருகிலிருந்து கற்றுத்தர வேண்டியது. கர்ப்பிணிகளும் இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதைத் தொடவே வேண்டாம்.

மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே, படுக்கப்போகும் முன் பழகுங்கள். பதற்றத்தின் நடுவில் புதிதாக ஒன்றைக் கற்க முடியாது. தலை சுற்றினால் எண்ணுவதை நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். நெஞ்சு வலித்தாலோ வலி கைக்குப் பரவினாலோ பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.