வளைகுடாவுக்கு டிரைவர் விசாவில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறாவூர், காத்தான்குடி, வாழைச்சேனை, கல்முனை என்று இலங்கையின் கிழக்கில் நம் பக்கத்திலிருந்து டிரைவர் விசாவில் போகிற பெடியன்கள் பெரும்பாலும் நல்ல ஓட்டக்காரர்கள். செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் லொறி ஓட்டிப் பழகியவனுக்கு ஆறு லேன் வீதி பெரிய விசயமில்லை. டுபாயில் எட்டு வருடம் டெலிவரி வேன் ஓட்டிய நான் கண்டது இதுதான்: சட்டம் தெரியாமல் மாட்டினவர்களைவிட, கை பழைய பழக்கத்துக்குத் திரும்பி மாட்டினவர்கள்தான் கூட.

நம் நாட்டில் வீதியின் இடப் பக்கம் ஓடுகிறோம், அங்கே வலப் பக்கம்; ஸ்டியரிங்கும் இடப் பக்கம். “வலப் பக்கம் ஓடுறது ரெண்டு நாளில பழகிரும்” என்று நினைப்பது முதல் தவறு. நெரிசலில் பழகும்தான், முன்னால் போகிறவனைப் பார்த்துப் போய்விடலாம். வெறும் வீதியில்தான் கை ஏமாற்றும். எனக்கு அது மூன்றாம் மாதம் நடந்தது. சுபஹு பாங்கு சொல்லி முடிந்த நேரம். பெற்றோல் செட்டிலிருந்து வெளியே வந்து, ஒரு பின்வீதியில் இடது பக்கம் திருப்பினேன். ஊரில் இடது திருப்பம் என்றால் ஓரத்தோடு ஒட்டி வளைப்போம். கை அதையே செய்தது. வீதியில் ஒரு வாகனமும் இல்லாததால் பிழை என்று தெரியவே இல்லை. கொஞ்சத் தூரம் போனதும் வளைவுக்குள்ளிருந்து ஒரு பிக்கப் நேரே என் முகத்துக்கு வந்தது. இரண்டு பேரும் பிரேக்கை அமத்தி நின்றபோது, இரண்டு பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான் இருந்தது. அந்த மனிதர் இறங்கி வந்து, ஏசாமல், கையால் மற்றப் பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் திரும்பு முன் ஒன்றை வாய்விட்டுச் சொல்வேன்: “நான் இருக்கிற பக்கம் நடுக்கோடு.” நம் நாட்டிலும் சரி, அங்கேயும் சரி, சாரதி இருக்கும் பக்கம்தான் வீதியின் நடுப்பக்கம். இடது வலது என்று யோசித்தால் அவசரத்தில் குழம்பும், இது குழம்பாது.

சுற்றுவட்டத்திலும் இதே கதைதான். இங்கே கடிகார முள் போகிற திசையில் சுற்றி, வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழி விடுவோம். அங்கே எதிர்த்திசையில் சுற்றுவார்கள், பார்க்க வேண்டியது இடப்பக்கம். கழுத்து பழகுவதற்குக் கையைவிட அதிக நாள் எடுக்கும். நடந்து வீதியைக் கடக்கும்போதும் முதலில் இடது பக்கம் பாருங்கள்.

சிக்னல் தண்டு இடது கைப் பக்கம் இருக்கும். நம் ஜப்பான் வாகனங்களில் அது வலது கையில். திருப்பத்தில் சிக்னல் போடுகிறோம் என்று வைப்பரைப் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் திரும்புவது தெரியாது. வேலை தொடங்கு முன் நின்ற இடத்தில் பத்து நிமிடம் அந்தத் தண்டைப் போட்டுப் பழகுங்கள். இன்னொன்று, வலப்பக்கம் இருந்து ஓட்டியவன் இடப்பக்கம் மாறி இருந்தால் வாகனம் தானாக வலது ஓரத்துக்கு இழுபடும். புதியவர்களின் வலப்பக்கக் கண்ணாடியிலும் ரிம்மிலும் கீறல் விழுவது அதனால்தான்.

நம் சைகைகளை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சந்தியில் நேரே போவதற்கு நான்கு சிக்னலையும் ஒன்றாக எரிய விடுகிறோமே, அங்கே அதற்கு வாகனம் பழுது என்றுதான் அர்த்தம். முந்துவதற்கு ஹோர்ன் அடித்தால் கோபம் காட்டுவதாக எடுப்பார்கள். எதிரே வருகிறவன் லைட் அடித்தால் “நான் வாறன், நீ நில்” என்பது நமது வழக்கம். அங்கே இடக்கோடி லேனில் பின்னால் ஒருவன் லைட் அடித்தால் வலப்பக்கம் ஒதுங்கு என்று கேட்கிறான். மானம் பார்க்காமல், சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து ஒதுங்கிவிடுங்கள். வெளியேறும் பாதையைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்குங்கள். நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுத்தவனைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதை எழுத மனம் வரவில்லை.

தண்டப்பணத்தைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் டுபாயில் ஓட்டிய காலத்தில் கையில் போன் இருந்தால் 800 திர்ஹாம், 4 கரும்புள்ளி. சிவப்பு லைட்டைத் தாண்டினால் 1,000 திர்ஹாம், 12 கரும்புள்ளி, வாகனத்தையும் 30 நாள் பிடித்து வைப்பார்கள். 24 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் போகும். டுபாயில் வேக எல்லைக்கு மேல் 20 கிலோமீற்றர் வரை கமரா பொறுக்கும். அபுதாபியில் 2018 ஓகஸ்டிலிருந்து அந்தச் சலுகை இல்லை, பலகையில் போட்ட வேகம்தான் எல்லை. இரண்டு ஊருக்கும் ஓடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

“முதல்ல ஓடு, லைசன்ஸ் பிறகு எடுத்துத் தாறன்” என்று முதலாளி சொன்னால் சாவியைத் தொடாதீர்கள். வதிவிட விசா உள்ளவருக்கு நம் நாட்டு லைசன்ஸும் சர்வதேச அனுமதிப்பத்திரமும் அங்கே போதாது, அந்த நாட்டு லைசன்ஸ் வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி உங்களுக்குத் துணை நிற்காது. ஒரு உயிர் போனால் கொடுக்க வேண்டிய ‘தியா’ இழப்பீடு அங்கே 200,000 திர்ஹாம். எனக்கும் ஒரு முதலாளி அப்படிச் சொன்னார். மறுத்ததற்கு இரண்டு மாதம் பொதி தூக்கினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கோடை வெயிலில் பழைய டயர் வேகமாக ஓடும்போதே வெடிக்கும், ஏற முன் அதைப் பாருங்கள்.

கடைசியாக, லீவில் வரும்போது நடப்பது. கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். கூட்டிப்போக வருகிற வேன் டிரைவர் பகல் முழுக்க ஓடி வந்து, விமானம் இறங்கும் வரை முழித்திருந்து, அதே இரவு திரும்ப ஓடுவார். மன்னம்பிட்டி தாண்டி வெலிக்கந்தை, புனானைப் பக்கம் யானையும் வீதிக்கு வரும். விடியுமட்டும் நீர்கொழும்பில் தங்கி, டிரைவரைத் தூங்கவிட்டு வாருங்கள். உம்மா, அம்மா எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. அவர் கண் சொருகுகிறது என்று ஸ்டியரிங்கை நீங்கள் வாங்கவும் கூடாது. இப்போது உங்கள் கைக்குப் பழகியிருப்பது வலப் பக்கம். லீவில் வந்தால் நான் மூன்று நாள் வாகனம் தொடமாட்டேன். நாலாம் நாள் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலில், கல்லடிப் பாலம் வரை ஒருமுறை போய்வருவேன்.