திறப்புத் தொலைந்தால் கதவு நிலையில் கை வைக்காதீர்கள்

நான் கிளிநொச்சியில் தச்சு வேலை செய்பவன். திறப்பைத் தொலைத்துவிட்டு அலவாங்கால் நெம்பிய கதவுகளைத் திருத்தத்தான் என்னை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். பூட்டு பெரிய விலையில்லை. பிளந்த முதிரை நிலைக்கு வேறு மரம் தேட வேண்டும், பேர்மிட் இல்லாமல் அதை ஏற்றி வர முடியாது, பிறகு சுவரை இடித்துத் திரும்பப் பூச வேண்டும். 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது எத்தனையோ வீடுகளில் கூரையும் நிலையும் கதவும் இல்லாமல் வெறும் சுவர்தான் நின்றது. ஒவ்வொரு கதவும் எவ்வளவு பாடுபட்டுப் போட்டது! உடைக்கத்தான் வேண்டுமென்றால் பூட்டை உடையுங்கள், நிலையை விட்டுவிடுங்கள்.

அதற்கு முதல் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். அவசரத்தில் குசினிக் கதவைத் தள்ளிப் பார்க்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. ஓட்டு வீடென்றால் பழக்கப்பட்டவர் ஓட்டைக் கழற்றி இறங்கலாம். அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையில் மட்டும் யாரையும் ஏற்றாதீர்கள். சீற் உடைந்தால் ஆள் நேரே நிலத்தில்தான்.

ஆமைப்பூட்டு என்றால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். அடித்தால் கொண்டி வளையும், ஆணி மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும், பூட்டு அப்படியே தொங்கும். முதலில் கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் ஸ்க்ரூட்ரைவரே போதும். (அப்படித் திறந்த கொண்டியைக் கள்ளனும் அப்படியே திறப்பான், பிறகு மாற்றிப் பூட்டுங்கள்.) ஆணி மறைந்திருந்தால் இரும்பு வெட்டும் வாள் எடுங்கள். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேட், பல்லின் முனை முன்னோக்கி இருக்க வேண்டும். பூட்டின் வளையத்தில் நாலு இழுவை இழுத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் அறுபடும். பிளேட் வழுக்கி மினுங்கல் கோடு மட்டும் தெரிந்தால் அது கடினமாக்கிய உருக்கு, எவ்வளவு நேரம் அறுத்தாலும் பிளேட்தான் தேயும். வளையத்தை விட்டுவிட்டு, அது கோத்திருக்கும் நாதாங்கியை அறுங்கள். அது பெரும்பாலும் மென்மையான இரும்பு. வாளுக்குப் பதிலாகக் கிரைண்டர் பிடிப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடக்கூடாது.

கதவுக்குள் பதித்த லீவர் பூட்டு வேறு கதை. வீட்டில் இருக்கிற மற்ற அறைத் திறப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மலிவான பூட்டுகளில் திறப்பு வகைகள் குறைவு, அதனால் ஒன்றின் திறப்பு மற்றதற்குப் பொருந்துவதை அடிக்கடி பார்க்கிறேன். இறுக்கித் திருகாதீர்கள். திறப்பு உள்ளே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். முறிந்ததை மெல்லிய வாள் பிளேட் துண்டால் கொளுவி இழுக்கலாம், பசை போட்டு ஒட்டி இழுக்கப் போகாதீர்கள். மாரியில் திறப்பு சுற்ற மறுத்தால் பூட்டில் பிழை இருக்காது. மரம் பொருமிப் பூட்டின் நாக்கை நெரித்திருக்கும். ஒருவர் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்க, மற்றவர் திறப்பைச் சுற்றட்டும். வரவில்லையென்றால் தள்ளிப் பிடித்துச் சுற்றுங்கள்.

உள்ளே சின்னப் பிள்ளை பூட்டிக்கொண்டால் கதவில் அடித்துச் சத்தம் போடாதீர்கள், பயத்தில் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. யன்னலடிக்குப் போய் ஆறுதலாகக் கதைத்து, திறப்பை இழுத்தெடுத்துக் கம்பிக்குள்ளால் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் திறப்பை நேராக நிறுத்தச் சொல்லி, கதவின் கீழ் இடைவெளியால் ஒரு பேப்பரை விரித்துத் தள்ளி, சைக்கிள் கம்பியால் திறப்பைக் குத்தி அதன்மேல் விழுத்துங்கள். பிறகு பேப்பரை மெதுவாக இழுங்கள். உள்ளே அடுப்பு எரிந்தாலோ, பிள்ளையின் சத்தம் இல்லாவிட்டாலோ நான் நிலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் மறந்துவிடுங்கள். பூட்டுக்குப் பக்கத்தில் உதைத்து உடையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளையும் திறக்கக் கேட்பார்கள். திறப்பு வைத்திருந்த மாமா இறந்து போயிருப்பார், எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. உரிமையாளரே வீடியோவில் வந்து சரி என்று சொல்ல வேண்டும், கிராம சேவையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அயலவர் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க வேண்டும். அதில்லாமல் நான் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

திறந்தாகிவிட்டது, அப்புறம்? திறப்பு வயலிலோ குளத்திலோ விழுந்திருந்தால் புதுத் திறப்பு வெட்டினால் போதும். அடையாள அட்டை இருந்த பேர்ஸோடு தொலைந்திருந்தால் எடுத்தவருக்கு உங்கள் விலாசமும் கிடைத்துவிட்டது, அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள். பழைய பூட்டைக் கழற்றிக் கையோடு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டு போங்கள். உயரம், ஆழம், கதவோரத்திலிருந்து திறப்பு ஓட்டை வரையான தூரம், மூன்றும் ஒத்தால் மரத்தைக் கிண்டாமல் பொருத்தலாம். மேலதிகத் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் கிரவல் ரோட்டுப் புழுதி அதில் ஒட்டி இறுகிவிடும். பென்சில் கரியைத் திறப்பின் பற்களில் தேய்த்து, உள்ளே விட்டு நாலைந்து தரம் சுற்றுங்கள்.