பார், பிஎஸ்ஐ, கிலோ: பிரஷர் கணக்கு எங்கே சறுக்குகிறது?

சங்ககிரியில் லாரி டயருக்குக் காற்று பிடிக்கும்போது "நூத்திப்பத்து வைங்கண்ணே" என்றால் அது பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. அதே பட்டறையில் கம்ப்ரஸரைக் காட்டி "எட்டு கிலோ ஏறட்டும்" என்றால், சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோ என்று அர்த்தம். புதிதாக வாங்கிய கேஜில் பார் என்று போட்டிருக்கும்.

1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. 1 கிலோ 14.22. 1 அட்மாஸ்பியர், அதாவது கடல் மட்டத்து வெளிக்காற்றின் அழுத்தம், 14.7. "எல்லாம் ஒண்ணுதான்" என்று பலரும் சொல்வார்கள். டயருக்கு அது சரி, இரண்டு மூன்று சதவீதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. பாய்லர் சேஃப்டி வால்வில் அப்படி இருக்க முடியாது. 10 கிலோ வரம்புள்ள பாய்லருக்கு வால்வை 10 பாரில் வைத்தால் அது 10.2 கிலோவில்தான் திறக்கும். வரம்பு அப்போதே தாண்டியிருக்கும். இதற்கு நேர்மாறான ஆசாமிகளும் உண்டு: 33 பிஎஸ்ஐயை 2.2753 பார் என்று எழுதுவார்கள். கேஜே ஒரு பிஎஸ்ஐ முன்னே பின்னே காட்டும்போது 2.3 போதாதா?

பெருக்கல் தப்புகளை கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். கேஜ் எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது என்பதை மறப்பதுதான் நிஜமான சறுக்கல். சாதாரண கேஜ் வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ளதை மட்டும் காட்டும். அந்த வெளிக்காற்று ஊருக்கு ஊர் மாறும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. கீழே 980 ஹெக்டோபாஸ்கலை (ஆயிரம் சேர்ந்தால் ஒரு பார்) ஒட்டி இருப்பது மேலே போனால் 850 அளவுக்கு இறங்கிவிடும்.

ஏற்காட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர் வேக்குவம் போடும்போது, அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து இழுக்கும்போது, முள் 25 அங்குலத்தில் நின்றுவிடும். புத்தகத்தில் 30 என்று இருக்கிறதே என்று பம்ப்பைக் கழற்றுவது வீண்வேலை. 30 கடல் மட்டத்துக் கணக்கு. மலைமேல் வெளிக்காற்றே 25 அங்குலப் பாதரசம்தான், இல்லாததை எந்தப் பம்ப்பும் இழுக்காது.

கார் டயரிலும் இதே கதைதான். சேலத்தில் காலையில் 33 பிஎஸ்ஐ பிடித்து, ராத்திரி மேலே நிறுத்திய காரில், உயரத்தால் மட்டும் கேஜ் கிட்டத்தட்ட 2 கூட்டிக் காட்டும். பத்து டிகிரி குளிர் ஒன்றரையைக் குறைத்துவிடும். இந்தக் குளிர்க் கணக்கை 33-ஐ வைத்துப் போடக்கூடாது, வெளிக்காற்றையும் சேர்த்து 47-ல் போட வேண்டும். அதேபோல டிகிரியையும் கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டி) எடுக்க வேண்டும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய சூட்டில் கேஜ் வைத்துப் பார்த்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். டயர் ஆறினதும் குறைவாகிவிடும்.

அலகை எழுதுவதிலும் ஒரு சறுக்கல் உண்டு: மெகாபாஸ்கலுக்குப் பெரிய எம், மில்லிபாஸ்கலுக்குச் சின்ன எம். மாற்றி எழுதினால் நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

வானிலை ஆப்பில் ஏற்காட்டுக்கு 1012 என்று வந்தால் அது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். போன் சென்சார் 850 என்று காட்டினால் அது பழுதில்லை. கேஜ் அளவோடு வெளிக்காற்றைச் சேர்க்கும்போது அந்த 850-ஐத்தான் எடுக்க வேண்டும்.